அம்மாவுக்கு நான் வரைந்த ரேகைகள்

1

போன வாரம் இந்த ஊர் மாநகராட்சி அலுவலகத்தில் என் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். ஜெர்மன் குடியுரிமை கிடைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. மேசை ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. "வலது ஆள்காட்டி விரல்" என்றார் அங்கே இருந்த பெண்மணி. வைத்தேன், பச்சை விளக்கு எரிந்தது. "இடது" என்றார். அதுவும் பச்சை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"உங்களுடையது நல்ல விரல். சிலருக்கு அரை மணி நேரம் போராட வேண்டியிருக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். நான்கு டிராம் வந்துபோனது. ஏறவில்லை.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுது, பனியைப் பற்றி எழுது என்று கேரள மலையில் நான் பிறந்த ஏலப்பாறையிலிருந்து பழைய கூட்டாளிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பனியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. விழும், அழுக்காகும், வழுக்கும். அதனால் விரலைப் பற்றி எழுதுகிறேன்.

2

முதலில் என் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது.

எனக்கு நாற்பத்தாறு வயது. ஹார்ட்கோர் பங்க் என்று ஒரு இசை இருக்கிறது. ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம் ஓடினால் அதிகம். அதற்குள் டிரம்மை உடைப்பதுபோல் அடித்து, கிதாரை அரைத்து, ஒருவன் தொண்டை கிழியக் கத்தி முடித்துவிடுவான். காதல் கிடையாது, நிலா கிடையாது. முதலாளி, போலீஸ், வாடகை, பொய், இவைதான் பாட்டு. கோயம்புத்தூர் பாலிடெக்னிக் விடுதியில் யாரோ ஒரு சீனியர் கட்டிலுக்கடியில் விட்டுப்போன கேசட்டில்தான் முதன்முதலில் கேட்டேன். டேப் கெட்டுப்போய் வேகமாக ஓடுகிறது என்று நினைத்துப் பேட்டரியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். பாட்டே அப்படித்தான் என்று தெரிந்ததும் பத்து நாள் வேறெதுவும் கேட்கவில்லை.

எனக்கு அந்தச் சத்தம் புதிதாகவும் இல்லை. அப்பா வேலை பார்த்த தேயிலை ஃபாக்டரியில் இலை உருட்டும் மெஷின் ஓடும்போது யாரும் பேச முடியாது, கத்தத்தான் வேண்டும். அந்தப் பழக்கத்தில் அவர் வீட்டிலும் கத்துவார், பதிலுக்கு நாங்களும் கத்துவோம். லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களிடம் சமாதானம் பேச வந்து, சண்டை இல்லை என்று தெரிந்து திரும்பிப் போன நாட்கள் உண்டு.

இங்கே பிரேமனில் ஒரு பழைய கிடங்கின் அடித்தளத்தில் நிகழ்ச்சி நடக்கும். மேடை கிடையாது. பாடுகிறவனுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இடம். கத்திக்கொண்டே மைக்கைக் கொண்டுவந்து என் வாயில் வைப்பான், அடுத்த வரியை நான் கத்த வேண்டும். இருபது பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக் குதிப்போம். யாராவது விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் உடனே அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். இந்த நாட்டில் நீ எந்த ஊர் என்று யாரும் கேட்காமல் நான் நின்ற ஒரே இடம் அதுதான்.

ஒருமுறை அதை வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"எய்யா, யாரு ஒன்ன அடிச்சா?"

"அடிக்கலம்மா, அது டான்ஸு."

இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "வுழுந்தவன ஒடனே தூக்குதானுவளே. நல்ல பயலுவதான் போல." இருபது வருடமாக இந்த இசையைப் பற்றி எத்தனையோ பேரிடம் விளக்கியிருக்கிறேன், அவள் அளவுக்கு யாரும் சரியாகப் பிடிக்கவில்லை.

3

இரண்டாவது பைத்தியம் ஹேக்கிங். ஊரில் அதைத் திருட்டு என்றே நினைக்கிறார்கள். என் வேலையே அதுதான். நிறுவனங்கள் எங்களைக் கூலிக்கு அமர்த்தி, எங்கள் கணினிக்குள் நுழைய முடியுமா பாருங்கள் என்பார்கள். பூட்டு விழுந்திருக்கிறதா என்று கதவை ஆட்டிப் பார்க்கிற வேலை. என்னைப் பொறுத்தவரை ஹார்ட்கோரும் ஹேக்கிங்கும் ஒன்றுதான். யாரிடமும் அனுமதி கேட்காதே, நீயே திறந்து பார், நீயே செய். தடுப்பு என்று ஒன்று இருந்தால் அதில் எங்காவது ஓட்டை இருக்கும். இதை நான் வேதம்போல நம்பினேன்.

அந்த நம்பிக்கைக்கு முதல் அடி பத்தாம் வகுப்பிலேயே விழுந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை. எஸ்டேட் மேனேஜர் பங்களாவில் டிஷ் ஆன்டெனா வைத்திருந்தார்கள். அதிலிருந்து தேயிலைச் செடிகளுக்கு அடியிலேயே கேபிள் இழுத்து எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்று வாரம் பன்னிரண்டு வீட்டிலும் எல்லாச் சேனலும் தெரிந்தது. செடியின் தலையை வெட்டிக் கவாத்து செய்ய வந்த ஆளின் கத்தியில் கேபிள் மாட்டியதும் குட்டு உடைந்தது. அப்பா மேனேஜர் முன்னால் கைகட்டி நின்று, நான்தான் இழுத்தேன் என்றார். ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியாத மனிதர். ஒரு வாரம் வேலை கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

4

இப்போது அம்மா. எழுபத்திரண்டு வயது. கம்பெனி பூட்டிப் பல வருடமாகியும் அதே லயத்தில்தான் இருக்கிறாள், கூரைமேல் நீலத் தார்ப்பாய் போட்டு. பூட்டிய எஸ்டேட்டில் செடிகளை ஆளுக்கு இத்தனை என்று பங்கு பிரித்துக்கொண்டு தொழிலாளர்களே கொழுந்து எடுத்து விற்கிறார்கள். அம்மாவும் போகிறாள். போகாதே என்றால், வீட்டில் இருந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்பாள்.

அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. போன வருடம் கேட்டாள்.

"எய்யா, நீ இருக்க எடத்த ஒரு தடவ பாத்துப்புடணும். நீ எங்ஙன ஒறங்குத, எங்ஙன சாப்பிடுத, ஒண்ணுமே மனசுல வர மாட்டேங்கு. நீ குதிக்கிற எடத்தையுங் காட்டு."

நான் ஊருக்குப் போனால் இரண்டு வாரம். அதிலும் பாதி நாள் ஏதாவது ஆபீஸ் வாசலில் நிற்பேன். அது அவளுக்கு அலுத்துவிட்டது என்று நினைக்கிறேன். அவள் வர வேண்டும் என்று எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. மருத்துவக் காப்பீடு, அழைப்புக் கடிதம், வீட்டின் சதுர அடிக் கணக்கு என்று தாள்களைச் சேர்க்கவே மூன்று மாதம் ஆனது. என் படுக்கையறையை அவளுக்கு ஒழித்துவைத்தேன். தங்கை வீட்டுக்காரர் முருகேசன் வாகமணில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். அவர்தான் அம்மாவைக் கொச்சியிலிருந்த விசா மையத்துக்குக் கூட்டிப் போனார்.

பத்து விரல் ரேகையும் வேண்டும். ஒரு விரல்கூட விழவில்லை.

கொழுந்து கிள்ளும் கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐம்பது வருடம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்து, தோல் வழவழவென்று ஆகிவிடும். மீதி விரல்களில் வெடிப்பும் கறையும்.

"கண்ணாடி மேல வெரல வெச்சா செவப்பு லைட்டே எரியுது. அந்தப் புள்ளயும் தொடச்சுத் தொடச்சுப் பாத்துச்சு, பாவம்" என்றாள் அம்மா. "எங்கையி சரியில்லய்யா. ஒனக்குத்தான் வீண் அலச்சல்."

மையத்தில் இருந்த அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் பேசியிருக்கிறாள். இரண்டு வாரம் கைவேலை எதுவும் செய்யாமல் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி வாருங்கள், அப்போதும் விழாவிட்டால் மேலே எழுதிப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினாள். முருகேசன் எனக்கு அதையும் சொன்னார். நான் கடைசிப் பகுதியைக் காதில் வாங்கவில்லை. என் மண்டையில் மெஷின் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

5

எங்கள் ஹேக்கர் கூட்டங்களில் கைரேகை மெஷினை ஏமாற்றிக் காட்டுவது பழைய வித்தை. ரேகையைப் படமெடுத்து, கணினியில் தெளிவாக்கி, மெல்லிய பசைப் படலமாக வார்த்து விரலில் ஒட்டிக்கொள்வார்கள். விவரமாக எழுதப் போவதில்லை. அம்மாவுக்கு அம்மாவின் ரேகையையே கொடுத்தால் அது எப்படி மோசடியாகும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன்.

ஸ்டாம்ப் மையில் அவள் விரல்களைத் தாளில் உருட்டி, போட்டோ எடுத்து முருகேசன் அனுப்பினார். பத்தில் நான்கு சுமார். மூன்றில் பாதி தெரிந்தது. மூன்று வெறும் கறுப்புத் தீற்றல்.

ஒரு வாரம், வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து வரைந்தேன். பின்னால் பாட்டு அலறிக்கொண்டிருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு விரலும் ஒரு நிலம் மாதிரித் தெரியும். இடது ஆள்காட்டியில் கவாத்துக் கத்தி பட்ட தழும்பு குறுக்கே போகும். வலது நடுவிரலில் ஒரு தீக்காயம், அது எப்போது பட்டது என்று எனக்குத் தெரியாது. கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே அது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யோசித்து நானே இழுத்தேன். வலது கட்டைவிரலில் ஒன்றுமே இல்லை. அதற்கு என் விரலைப் பார்த்து வரைந்தேன். பிள்ளையின் ரேகை தாயின் ரேகையிலிருந்து ரொம்பவா விலகிப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அது அபத்தம் என்று எனக்கே தெரியும். இத்தனை வருடத்தில் அம்மாவின் கையை நான் அவ்வளவு நேரம் பார்த்தது அப்போதுதான் என்பதும் உண்மை.

மகள் மீனா வார இறுதியில் என்னிடம் வருவாள். பதினாறு வயது. நானும் அவள் அம்மாவும் பிரிந்து ஐந்து வருடம் ஆகிறது. ஒன்பது வயது வரை காதடைப்பான் மாட்டிக்கொண்டு என் தோளில் உட்கார்ந்து எல்லா நிகழ்ச்சிக்கும் வந்தவள். இப்போது பியானோ கேட்கிறாள், என் சட்டையைப் பார்த்து முகம் சுளிக்கிறாள். தமிழில் "சாப்டீங்களா", "சரி", "போதும்" மூன்றும் வரும். திரையை எட்டிப் பார்த்து ஜெர்மனில் கேட்டாள்.

"இந்த வளைவு இப்படித்தான் இருக்கும் என்று எப்படித் தெரியும்?"

"ஊகம்தான்."

"அப்படியென்றால் இது பாட்டியின் விரல் இல்லை, நீ போட்ட படம்."

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன். என் கூட்டாளி யென்ஸ், நான் பார்க்கப் போகும் ஒரு இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவன், அவனும் கிட்டத்தட்ட அதையே சொன்னான். "மெஷினை ஏமாற்றிவிடுவாய். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பாரே?" ஆட்கள் மெஷினைத்தான் பார்ப்பார்கள், விரலைப் பார்க்க மாட்டார்கள் என்று அவனுக்குப் பாடம் எடுத்தேன்.

பத்துப் படலத்தையும் விரலின் பெயர் எழுதிய சின்ன உறைகளில் போட்டுத் தபாலில் அனுப்பினேன். வீடியோவில் அம்மாவுக்கு ஒட்டக் கற்றுக்கொடுத்தேன். இது என்னத்துக்குய்யா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மெஷினுக்கு உதவி என்றேன். பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினாள்.

6

அடுத்து நடந்ததை முருகேசன் போனில் சொன்னார். அவர் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்.

"மச்சான், எடது கை நாலு வெரலும் பச்ச வுழுந்துருச்சு."

அந்த நொடியில் எனக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று எழுந்தது. அடுத்து என்ன வரப்போகிறது என்று அவர் குரலிலேயே தெரிந்தும் எழுந்தது. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"வலது கைய வெச்சாங்க. பயத்துல அத்தைக்குக் கை வேத்துருச்சு போல. கட்டவெரல்ல ஓரம் கெளம்பிருச்சு. அந்தப் பொண்ணு பாத்துட்டு மேனேஜரக் கூப்புட்டுது. அவரு வந்து ஒவ்வொரு வெரலா உரிச்சு பிளாஸ்டிக் கவர்ல போடுதாரு மச்சான். கியூவுல நின்ன சனமெல்லாம் எட்டி எட்டிப் பாக்கு. நான் உள்ள ஓடிப்போயி, சாரே, வயசானவங்க, விடுங்கன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"யாரு குடுத்ததுன்னு கேட்டாரு. அத்த என்னப் பாத்து, வாயத் தொறக்காதன்னு கண்ணக் காட்டுனாங்க. பொறவு மலையாளத்துல சொல்லுதாங்க, ஞான் தன்னெ ஒட்டிச்சதா, நானேதான் ஒட்டுனேன்னு. கொழுந்து எடுக்கவங்க எல்லாம் வெரலுக்கு ஒற போடுவோம் சாரே, வெடிப்புக்குப் பசையும் தடவுவோம், கழட்டணும்னு எனக்குத் தெரியாதுன்னு."

பொய்யில் பாதி நிஜம். எஸ்டேட்டில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரலில் மாட்டிக்கொண்டுதான் கொழுந்து கிள்ளுவார்கள். ஆனால் சைக்கிள் டியூபில் ரேகை இருக்காது. மேனேஜர் ஒன்றும் முட்டாள் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். முக்கால் மணி நேரம் நிற்கவைத்துக் கேட்டும், நான்தான், நான்தான் என்பதைத் தவிர அவளிடமிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து, மலையாளத்தில் படித்துக் காட்டி, ஒப்பு போடச் சொன்னார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்டைவிரலை மையில் உருட்டி வாங்கிக்கொண்டார்கள். அதில் ரேகை விழுந்ததா என்று யாரும் பார்க்கவில்லையாம்.

திரும்பி வரும்போது மூவாற்றுப்புழையில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார் முருகேசன். அம்மா இறங்கவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

7

விசா மறுப்புக் கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. ஏமாற்றும் நோக்கம் என்று எழுதியிருந்தது. இனி எப்போது விண்ணப்பித்தாலும் அந்தக் குறிப்புதான் முதலில் வந்து நிற்கும்.

அதற்குப் பிறகுதான் நான் விதிகளைப் படித்தேன். உடல் காரணத்தால் ரேகை எடுக்கவே முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு. அதிகாரி ஒரு குறிப்பு எழுதினால் போதும். அந்தப் பெண் முதல் நாளே சொன்ன 'மேலே எழுதிப் பார்ப்போம்' இதுதான். வாழ்க்கை முழுக்கச் சுவரில் ஓட்டை தேடியவனுக்குத் திறந்து கிடந்த வாசல் கண்ணில் படவில்லை. என் தொழிலில் இதைவிடக் கேவலமான தவறு கிடையாது.

அன்றிலிருந்து ஒரு நிகழ்ச்சிக்கும் போகவில்லை. யென்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டான். போலீஸுக்கு எதிராக, முதலாளிக்கு எதிராகக் கத்துகிற வரிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கொச்சியில் ஒரு மேசைக்கு முன்னால் என் அம்மா தனியாக நின்றாள். அந்த வரிகளை எந்த வாயால் கத்துவது?

நான்தான் செய்தேன், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று தூதரகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அப்போது என் குடியுரிமை விண்ணப்பம் முடிவாகும் கட்டத்தில் இருந்தது. உங்கள்மேல் ஏதாவது விசாரணை உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. என் வேலைக்கும் கறைபடாத பெயர் வேண்டும். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, அலமாரியில் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீனா அதைப் பார்த்துவிட்டாள். யாருக்கு என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் இன்னும் அனுப்பவில்லை?" என்றாள்.

கடிதத்தை வாங்கி மறுபடி அலமாரியில் வைத்தேன். மாலைவரை இருக்க வேண்டியவள் மூன்று மணி டிராமில் கிளம்பிவிட்டாள். இரண்டு மாதமாகிறது, வார இறுதியில் வருவதில்லை. பரீட்சை என்கிறாள்.

அவள் போன பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, நாந்தான் செஞ்சேன்னு அந்த ஆபீசுக்கு எழுதப் போறேன்."

"எதுக்கு?"

"பழி ஒம்பேருல கெடக்குல்லா."

"கெடக்கட்டும். ஒம்பேரு எங்கயும் வரல இல்ல?"

"வரல."

"அப்ப வுடு. எழுதி, கையும் உருட்டிக் குடுத்தாச்சு. இப்பம் நீ மாத்தி எழுதுனா, அங்ஙன நின்னு நான் பொய் சொன்னேன்னு ஆவாதா? எழுவத்திரெண்டு வயசுல என்னப் பொய்க்காரி ஆக்கப் போறியா?"

"அம்மா, அதுக்கில்ல..."

"எழுதாதன்னா எழுதாத. நான் வேண்டாங்கேன்." பிறகு, "அங்க மழையா?" என்று கேட்டாள்.

கடிதம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. குடியுரிமை வந்துவிட்டது, பாஸ்போர்ட்டும் வந்துவிடும். இதையெல்லாம் தமிழில் எழுதுவதால்தான் இவ்வளவு தைரியம். இங்கே இதைப் படிக்க ஆளில்லை.

அம்மா கேட்டுக்கொண்டதால் அனுப்பவில்லையா, பயத்தால் அனுப்பவில்லையா, எனக்கே தெரியவில்லை என்று எழுதி முடித்தால் கௌரவமாக இருக்கும். எனக்குத் தெரியும், பயம்தான். அம்மா ஒரு காரணம் கொடுத்தாள், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நான் பயந்திருக்கிறேன் என்று தெரிந்துதான் அவள் அதைக் கொடுத்தாள்.